கழிவுக்கு என்ன விலை? வட சென்னை மாசும் அரசின் வரவு செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்துகொடுப்பது என் பிழைப்பு. வடக்கே எண்ணூர், மேற்கே மணலி. இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய ஜன்னலைத் திறந்தால் போதும், மூக்கு சொல்லிவிடும். வரி விஷயமாக வருகிறவர்கள் வேலை முடிந்து எழுந்திருக்கும்போது கேட்டுவிட்டுப் போகும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பட்ஜெட்டுக்கும் பக்கிங்காம் கால்வாயில் ஓடும் கறுப்புத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

அரசு எதற்கு வரி போடுகிறது, எதற்குத் தள்ளுபடி தருகிறது, எதற்குச் செலவழிக்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் நிதிக் கொள்கை. கழிவைச் சுத்தம் செய்தால் ஒரு தொழிற்சாலைக்கு எவ்வளவு ஆகும், செய்யாமல் விட்டால் எவ்வளவு ஆகும் என்ற இரண்டு தொகைகளையும் அதுதான் ஏற்றி இறக்குகிறது. இரண்டில் எது மலிவோ அது நடக்கும். முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது அதற்கு அப்புறம்தான்.

சின்னப் பட்டறைக்காரர் கழிவை ஏன் கால்வாயில் விடுகிறார்? சட்டம் தெரியாதா?

நன்றாகவே தெரியும். ஒரு பட்டறையின் கணக்கை வைத்துச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். உலோக உதிரிகளுக்குக் குரோமிய முலாம் பூசும் இடம். கழுவி வரும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அதில் முதலில் ஒரு ரசாயனம் போட்டு நஞ்சின் வீரியத்தைக் குறைக்க வேண்டும். அப்புறம் சுண்ணாம்பு போட்டால் குரோமியம் சேறாகத் தொட்டியின் அடியில் தங்கும். அந்தச் சேற்றைக் காயவைத்து, டிரம்மில் அடைத்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். ரசாயனம், சுண்ணாம்பு, மோட்டார் ஓடும் கரண்ட், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், லாரி வாடகை, கிடங்குக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் காசு. பாதி லோடுக்கும் முழு லோடுக்கும் லாரி வாடகை ஒன்றுதான். அதனால் சின்னப் பட்டறைக்கு ஒரு கிலோ சேற்றுக்கு ஆகும் செலவு பெரிய ஆலையைவிட அதிகம்.

ஒரு வருடம் அவருடைய கொள்முதல் பில்களை அடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. விற்பனை குறையவில்லை, நிக்கலும் குரோமிக் அமிலமும் வழக்கம்போல வாங்கியிருக்கிறார். சுண்ணாம்பு மட்டும் ஆடி மாதத்துக்கு அப்புறம் வாங்கவே இல்லை. கேட்டேன். "சார், கரண்ட் பில்லில் நிலைக்கட்டணமே கழுத்தை நெரிக்குது. எதையாவது நிறுத்தணும்ல?" என்றார். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது சிறுதொழில்காரர்கள் போட்ட சத்தம் நினைவிருக்கலாம். கட்டணம் ஏறியதும் உற்பத்தி மோட்டாரை யாரும் அணைக்கவில்லை. கழிவுநீர் மோட்டாரைத்தான் அணைத்தார்கள். மின்கட்டணத்தை நிர்ணயித்தவர்கள் எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றை நினைத்து அதைச் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் பாதிப்பு அங்கே போய்ச் சேர்ந்தது.

அந்தத் தொட்டி என்ன ஆனது என்கிறீர்களா? பெருமழை பெய்த ஓர் இரவுக்குப் பிறகு காலியாக இருந்தது. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

தண்ணீர் செஸ் என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆனது?

செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று தனியாக வாங்கும் வரி. இது 1977-ல் வந்த சட்டம். தொழிற்சாலை பயன்படுத்தும் தண்ணீருக்கு அளவு பார்த்து வரி. அதில் பெரும்பங்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கே திரும்பி வரும். சுத்திகரிப்பு நிலையம் வைத்து ஒழுங்காக நடத்தினால் 25 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. எண்ணம் நல்ல எண்ணம். விலையைப் பாருங்கள்: 2003-ல் உயர்த்திய பிறகும், நச்சுக் கழிவு உண்டாக்கும் வேலைக்கு ஆயிரம் லிட்டருக்கு 15 பைசா, விதியை மீறினால் 30 பைசா. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் ஒன்றுக்கு 1 ரூபாய் 80 காசு. அன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டீ அதைவிட விலை அதிகம்.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது மற்ற பல செஸ்களோடு இதையும் எடுத்துவிட்டார்கள். பைசாக் கணக்கு வரி போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் தண்ணீரையும் மாசையும் அளந்து காசு வாங்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது. விலையை ஏற்றியிருக்க வேண்டிய இடத்தில் அளவுகோலையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இப்போது பெரும்பாலும் இசைவாணைக் கட்டணத்தை, அதாவது ஆலை நடத்த அனுமதி தருவதற்கு வாங்கும் கட்டணத்தை, நம்பி இருக்கிறது. அந்தக் கட்டணம் ஆலையின் சொத்து மதிப்பை வைத்து வருவது. எவ்வளவு அழுக்கு விடுகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

மாசுத் தடுப்பு இயந்திரம் வாங்கினால் வருமான வரியில் சலுகை உண்டா?

உண்டு, ஆனால் முன்பு மாதிரி இல்லை. காற்று, நீர் மாசைத் தடுக்கும் குறிப்பிட்ட கருவிகளின் முழு விலையையும் வாங்கிய வருடத்திலேயே வருமானத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2017-18 நிதியாண்டிலிருந்து அது 40 சதவீதமாகக் குறைந்தது.

10 லட்சத்துக்கு ஒரு கருவி, 30 சதவீத வரி என்று வையுங்கள். முன்பு முதல் வருடமே 3 லட்சம் வரி மிச்சமாகும். இப்போது முதல் வருடம் 1 லட்சத்து 20 ஆயிரம்தான். மீதி அடுத்தடுத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், அடியோடு போய்விடாது. ஆனால் கடன் வாங்கிக் கருவி வைக்கிறவருக்கு முதல் வருடப் பணம்தான் உயிர். தமிழக அரசு சிறுதொழில்களுக்குத் தரும் மூலதன மானியத்தில் சுற்றுச்சூழலுக்கு உகந்த இயந்திரத்துக்கென்று கூடுதல் பங்கு இருக்கிறது. அதுவும் முதலில் நீங்கள் செலவழித்து, பில்லைக் காட்டி, காத்திருந்து வாங்குவதுதான்.

இன்னொன்று. சட்டத்தை மீறியதற்குக் கட்டும் அபராதத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. சிலர் அதை 'இதரச் செலவு' தலைப்பில் செருகப் பார்ப்பார்கள். என் மேஜைக்கு அந்த வவுச்சர் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஜிஎஸ்டியில் ஏதாவது மாறியதா?

2025 செப்டம்பர் 22 முதல், பல ஆலைகள் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சேவைக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல திருத்தம். ஊருக்கு நல்லது செய்யும் சேவைக்கு 12 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்ததே வேடிக்கை.

பழைய இரும்பு கதை வேறு. கொடுங்கையூர்ப் பக்கம் குப்பை பொறுக்குகிறவர் சாக்கு மூட்டையைக் காயலான் கடையில் போடுகிறார், கடைக்காரர் பெரிய வியாபாரிக்குப் போடுகிறார், அவர் உருக்காலைக்கு. உலோகக் கழிவுக்கு 18 சதவீத வரி. பதிவு இல்லாத ஆளிடம் பதிவு பெற்றவர் வாங்கினால் வாங்குகிறவரே வரி கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். வரி ஏய்ப்பைப் பிடிக்க அது சரிதான். ஆனால் நகரத்தின் கழிவைக் குறைத்துத் தருகிற தொழிலுக்கும் பளபளக்கும் புதுச் சாமானுக்கும் ஒரே வரி விகிதம் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மணலி ஆலைகள் கோடிகோடியாக வரி கட்டுகின்றனவே, அந்தப் பணம் எங்கே போகிறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பலருக்கும் தெரியாததும் இதுதான்.

ஜிஎஸ்டி, பொருள் நுகரப்படும் இடத்துக்குப் போகிற வரி. மணலியில் செய்த ரசாயனம் குஜராத்துக்குப் போனால் மாநிலப் பங்கு குஜராத்துக்கு. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. அவற்றின் கலால் வரி மத்திய அரசுக்கு, மதிப்புக்கூட்டு வரி விற்கிற மாநிலத்துக்கு. கம்பெனியின் லாபத்துக்கான வரி தில்லிக்குப் போய், நிதிக்குழு சொல்லும் விகிதத்தில் எல்லா மாநிலங்களுக்கும் பிரிகிறது. 2011-ல் திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. அந்த மாநகராட்சிக்கு நேராகக் கிடைப்பது சொத்து வரியும் தொழில் வரியும்தான். சொத்து வரி கட்டடத்தின் பரப்பைப் பார்க்கும், புகைபோக்கியைப் பார்க்காது.

ஆக, பொருள் வெளியூர் போகிறது, வரியும் அதன் பின்னாலேயே போகிறது, கழிவு மட்டும் உள்ளூரில் தங்குகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் போட்ட மாசுக் குறியீட்டில் மணலி 100-க்கு 76.32 வாங்கியது. 70-ஐத் தாண்டினாலே 'கடும் மாசுப் பகுதி'. மதிப்பெண் உயர்ந்ததால் மணலிக்கு வரிப் பங்கில் ஒரு ரூபாய் கூடுதலாக வர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

நிலக்கரிக்கு வரி போட்டால் சாம்பல் குறையுமா?

போட்டார்கள். 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய், அப்புறம் 100, 200, 2016-ல் 400. சுத்தமான எரிசக்திக்கு என்று சொல்லி வாங்கிய பணம். 2017 வரை சுமார் 86,000 கோடி வசூல். அதில் அதற்கான நிதிக்கு மாற்றியது சுமார் 29,600 கோடி, திட்டங்களுக்குக் கொடுத்தது சுமார் 15,900 கோடி. மீதி பொதுக் கணக்கில் கரைந்தது. ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறியது.

2025 செப்டம்பரில் அந்தச் செஸ்ஸை நீக்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 ஆக்கினார்கள். வரி கூடிவிட்டது போலத் தெரியும். பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கூடிய 13 சதவீதம் 400 ரூபாய்க்குச் சமமாவது, டன் விலை சுமார் 3,077 ரூபாயாக இருக்கும்போது. அதைவிட மலிவான கரிக்கு வரி குறைந்திருக்கிறது, விலை உயர்ந்த கரிக்குக் கூடியிருக்கிறது. மலிவான கரியில்தான் சாம்பல் அதிகம். இந்தியக் கரியில் நூறு டன் எரித்தால் முப்பது நாற்பது டன் சாம்பல் மிஞ்சும். வரிச் சீரமைப்பு செய்தவர்களுக்கு இது தலைப்பு இல்லைதான். ஆனால் செப்பாக்கத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் துணி காயப்போடுகிறவருக்கு இதுதான் தலைப்பு.

சாம்பலுக்கு நேரடியாக விலை வைத்தது 2021 டிசம்பர் 31 அறிவிக்கை. அனல்மின் நிலையம் பயன்படுத்தாமல் விடும் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய். கட்டுரை முழுக்க நான் குறைசொல்லிக்கொண்டே வந்தாலும், இது சரியான வடிவம் என்றே சொல்வேன். டன் கணக்கு, ரூபாய் கணக்கு, குழப்பமில்லை. ஒழுங்காக வசூலித்தால் சிமென்ட் கம்பெனிக்கு இலவசமாகச் சாம்பல் கொடுத்து, லாரி வாடகையையும் தானே கட்டுவது மின்நிலையத்துக்கு லாபம்.

அபராதம் போடுகிறார்களே, போதாதா?

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் நம் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில்தான் 1996-ல் அழுத்திச் சொன்னது. இப்போது சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. மாசு வகை எண், மீறிய நாட்கள், ரூபாயில் ஒரு மதிப்பு, ஆலையின் அளவு, ஊரின் மக்கள்தொகை எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்.

அதிக மாசு உண்டாக்கும் 'சிவப்பு' வகை ஆலைக்கு எண் 80. ரூபாய் மதிப்பை 250 என்று கொள்வோம். சிறு ஆலைக்கு 0.5, பெரிய ஆலைக்கு 1.5. முலாம் பட்டறைக்கு ஒரு நாளைக்கு 10,000 ரூபாய், பெரிய ஆலைக்கு 30,000. ஊரின் அளவைப் பொறுத்து அது இரண்டு மடங்கு வரை போகலாம். கவனியுங்கள்: பட்டறைக்கும் பெரிய ஆலைக்கும் வித்தியாசம் மூன்று மடங்குதான். பட்டறைக்காரர் பத்து நாளில் ஷட்டரை இறக்கிவிடுவார். பெரிய ஆலைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கட்டிவிட்டு நடத்துவதே லாபம் என்று அங்கே என்னைப் போன்ற ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னால், கணக்கின்படி அவர் சொல்வது தப்பில்லை.

இதில் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, காற்று மாசுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே இழப்பீடு விதித்து வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. முதலாவது விலையைக் குறைக்கிறது, இரண்டாவது வசூலை எளிதாக்குகிறது.

2023 எண்ணெய்க் கசிவில் மக்களுக்குப் பணம் கொடுத்தது யார்?

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையான சிபிசிஎல் வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. அந்த மாதமே மாநில அரசு 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000.

அவசரத்துக்கு அரசு கொடுத்தது சரி, யாரும் அதைக் குறைசொல்லப் போவதில்லை. ஆனால் அது நம் வரிப்பணம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது போல. மாசு செய்தவரிடம் திரும்ப வசூலிப்பது வழக்கு, மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுக்கும். 12,500 ரூபாய் ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் வரும்? வலை முழுக்கத் தார் மாதிரி ஒட்டிப்போனால் புது வலைக்கே அது பத்தாது. அலையாத்தி வேர்களில் கறுப்புக் கோடு எத்தனை உயரத்துக்கு ஏறியது என்பதை அந்த மார்கழியில் காட்டுக்குப்பம் பக்கம் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

அரசு நிறுவனமே மாசு செய்தால்?

வட சென்னையின் தனிச் சிக்கல் அது. சிபிசிஎல்லில் பெரும்பங்கு இந்தியன் ஆயிலுக்கு. சென்னை உர ஆலையில் பெரும்பங்கு மத்திய அரசுக்கு. வடசென்னை அனல்மின் நிலையம் மாநில மின்வாரியத்தின் வழி வந்தது. வல்லூர் அனல்மின் நிலையம், மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியும் மாநிலமும் பாதிக்குப் பாதி. அபராதம் போட்டால் அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் போகிறது. ஈவுத்தொகை வாங்குகிற கையே கண்டிப்பும் காட்ட வேண்டும் என்றால், எந்தக் கை முந்தும் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

சுத்தம் செய்ய அரசு ஒதுக்கும் பணம்?

வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023-24 பட்ஜெட்டில் மூன்று வருடத்துக்கு 1,000 கோடி என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடியாகத் தொடங்கப்பட்டது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், பேருந்து நிலையம் எல்லாம் அதில் உண்டு. வேண்டியவைதான். ஆனால் அது மாசுக்கான பணம் என்று யாராவது சொன்னால் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

காற்றுக்கு மத்திய நிதியும், 2025-26 வரைக்குமான 15-ஆவது நிதிக்குழு மானியமும் உண்டு, சென்னையும் அந்த மானியம் பெற்ற நகரம். நாடு முழுக்க அந்தப் பணம் எதற்குப் போனது என்று தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் கணக்கெடுத்தது. 64 சதவீதம் சாலைத் தூசிக்கு. தொழிற்சாலை மாசுக்கு 0.61 சதவீதம். தண்ணீர் தெளிக்கும் லாரி போட்டோவில் நன்றாக வரும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலை வைத்து மாசு குறைந்த உதாரணம் ஒன்றாவது உண்டா?

நம் பக்கத்திலேயே உண்டு. சென்னையில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு, தொழிற்சாலைக்கு விலையும் அதிகம். அதனால் மணலி ஆலைகள் 1990-களிலேயே நகரத்தின் சாக்கடை நீரை விலைக்கு வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-ல் குடிநீர் வாரியம் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆலைகள் பயன்படுத்தும் தரத்துக்கு, மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் நிலையத்தைத் திறந்து, குழாய் போட்டு மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு விற்கிறது. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. நல்ல தண்ணீர் விலை ஏறியது, சாக்கடைத் தண்ணீருக்கு மவுசு வந்தது.

வெளியில் பார்த்தால் சீனா. அங்கே பழைய மாசுக் கட்டணத்தை எடுத்துவிட்டு 2018 ஜனவரி 1 முதல் சுற்றுச்சூழல் வரியாகவே ஆக்கினார்கள். வெளியேறும் மாசின் அளவுக்கு வரி, உச்ச விகிதம் அடி விகிதத்தைப் போலப் பத்து மடங்கு, அந்தந்த மாகாணம் தன் நிலைமைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். வருவாய் முழுக்க உள்ளூர் அரசுக்கு. மணலிக்கு இல்லாதது இந்தக் கடைசி அம்சம்தான்.

வரியைக் கூட்டினால் ஆலை வேறு ஊருக்குப் போய் வேலை போய்விடாதா?

சின்னப் பட்டறைகள் போகலாம், அந்தப் பயம் நியாயம். அவர்களுக்கு வரியோடு கடனும் சேர்ந்து வர வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது மாநில அரசு சுத்திகரிப்புக்கு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது, தொழிலும் ஊரில் தங்கியது. துறைமுகத்தையும் குழாய்களையும் நம்பி நிற்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டாது.

இந்தக் கணக்கையெல்லாம் நான் எங்கே கேட்பது?

தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், தமிழிலேயே எழுதலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பொத்தாம் பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: மணலி, எண்ணூர் பகுதி ஆலைகளுக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் விதித்த சுற்றுச்சூழல் இழப்பீடு எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு, எந்தக் கணக்கில் இருக்கிறது, அதிலிருந்து திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் செலவானது எவ்வளவு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். முதல் மூன்றுக்கு வந்து நான்காவதற்கு வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், ஜிஎஸ்டி தாக்கல் கடைசித் தேதியன்று மட்டும் வேண்டாம்.